ஹோல்டில் போட்டால் கால் கட் ஆகிறதா? எஸ்பிசியில் ஆர்டிசிபி கீப்அலைவ் போடும் முறை

பேசிக்கொண்டிருக்கும் வரை கால் நன்றாகத்தான் போகும். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று ஹோல்டில் போட்டுவிட்டு, ஃபைலைத் தேடி எடுத்துத் திரும்பி வந்தால் எதிர்முனையில் ஆள் இருக்க மாட்டார். இல்லையென்றால் மாதாந்திர ரிவ்யூ கான்ஃபரன்ஸில் மியூட் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர் மட்டும் பாதியில் கழன்றுவிடுவார், மறுபடி டயல் செய்து உள்ளே வருவார், மறுபடி கழல்வார். வாயைத் திறந்து பேசுகிறவருக்கு மட்டும் ஒன்றுமே ஆகாது. இப்படி ஒரு புகார் வந்து, அதிலும் கட் ஆகிற நேரம் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், இன்டர்நெட் லைனைத் திட்டுவதற்கு முன்னால் ஆர்டிசிபியைப் பாருங்கள்.

நடப்பது இதுதான். குரல் போவது ஆர்டிபி பாக்கெட்டுகளில். ஜி.711 கோடெக் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை), 20 மில்லிசெகண்ட் பாக்கெட் என்றால் ஒரு திசையில் செகண்டுக்கு 50 பாக்கெட். ஹோல்டில் போட்டதும் இது நின்றுவிடலாம். மியூட்டில் பல போன்கள் சத்தமில்லாத பாக்கெட்டைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும், ஆனால் விஏடி (பேச்சு இல்லாதபோது அனுப்புவதை நிறுத்தும் வசதி) ஆன் செய்த போன்களும் சில சாஃப்ட்போன்களும் அதையும் நிறுத்திவிடும். இப்போது எதிர்முனைக்கு ஒரு குழப்பம்: இவர் சும்மா இருக்கிறாரா, இல்லை லைனே செத்துவிட்டதா? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் கூடவே ஆர்டிசிபி என்று ஒன்று ஓடுகிறது. 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3550 (ஆர்எஃப்சி என்பது இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) ஆர்டிபியையும் ஆர்டிசிபியையும் சேர்த்தே வரையறுக்கிறது. சில செகண்டுக்கு ஒரு முறை "இத்தனை பாக்கெட் அனுப்பினேன், உன்னிடமிருந்து இத்தனை வரவில்லை, ஜிட்டர் (பாக்கெட் வரும் நேரத்தில் உள்ள தடுமாற்றம்) இவ்வளவு" என்று ஒரு சின்ன ரிப்போர்ட். கால் ஹோல்டில் இருந்தாலும் ஆர்டிசிபி போய்க்கொண்டிருக்க வேண்டும் என்று எஸ்டிபி ஆஃபர்-ஆன்சரை (இரு முனையும் மீடியா விவரங்களைச் சொல்லி ஒப்புக்கொள்வது) விவரிக்கும் ஆர்எஃப்சி 3264 சொல்கிறது. ஹோல்ட் சென்ட்-ஒன்லி (ஒரு பக்கம் மட்டும் அனுப்புவது), இனாக்டிவ் (இரண்டு பக்கமும் அனுப்பாதது) எதுவாக இருந்தாலும் சரி.

விதி அப்படி இருக்கிறது. நடைமுறையில் பல சிப் ட்ரங்க் கம்பெனிகள் (சிப் என்ற சிக்னலிங் முறையில் வெளி லைன் தருபவர்கள்) ஹோல்டில் ஆர்டிசிபி அனுப்புவதில்லை, பல போன்களில் அது ஆஃப் செய்யப்பட்டிருக்கும். எதிர்முனையோ அதை நம்பி உட்கார்ந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் டைரக்ட் ரூட்டிங் (டீம்ஸை வெளி போன் லைனோடு இணைக்கும் முறை) இதற்கு நல்ல உதாரணம்: ஹோல்டிலும் ஆர்டிசிபி வரும் என்று டீம்ஸ் எதிர்பார்க்கும், ட்ரங்க் பக்கம் அனுப்பாது, நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பெட்டியான எஸ்பிசி அந்த இடைவெளியை நிரப்பாவிட்டால் கால் போய்விடும். "இன்னும் இருக்கிறேன்" என்று விடாமல் சொல்லி அந்த இடைவெளியை நிரப்புவதுதான் கீப்அலைவ் என்ற இந்த செட்டிங்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் "கீப்அலைவ் போட்டாச்சு சார், இன்னும் கட் ஆகுது" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் வேறு கீப்அலைவைப் போட்டிருப்பார்கள். சிப் ஆப்ஷன்ஸ் பிங் என்று ஒன்று இருக்கிறது. அது ட்ரங்க் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், தனிப்பட்ட காலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சிஸ்கோவில் டயல்-பியரில் (கால் எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் பகுதி) போடும் ஆப்ஷன்ஸ்-கீப்அலைவ் இந்த வகை (ட்ரங்க் நன்றாக இருக்கும்போது 60 செகண்டுக்கு ஒரு முறை). இரண்டாவது செஷன் டைமர், ஆர்எஃப்சி 4028. இது ஒரு காலின் சிக்னலிங் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது, வழக்கமாக 1800 செகண்ட். அரை மணி நேரக் கணக்கில் கால்கள் கட் ஆனால் இதைச் சந்தேகப்படுங்கள். பதினைந்து நிமிடத்தில் கட் ஆனாலும் இதையே பாருங்கள், பாதி நேரத்தில் ரெஃப்ரெஷ் போவது வழக்கம். மூன்றாவதுதான் நம்ம ஆள், மீடியா அளவில் ஓடும் ஆர்டிசிபி. மூன்றும் வேறு வேறு வேலை, ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது.

கை வைப்பதற்கு முன் கேப்சர் எடுங்கள்

சந்தேகத்தின் பேரில் செட்டிங்கை மாற்றுவது எனக்குப் பிடிக்காது. ஒரு டெஸ்ட் கால் போட்டு ஹோல்டில் வைத்து, கட் ஆகிற வரைக்கும் பாக்கெட் கேப்சர் (போகிற வருகிற பாக்கெட்டைப் பதிவு செய்வது) எடுத்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்இ ரூட்டரில் வெளியே எதுவும் மாட்டத் தேவையில்லை, உள்ளேயே வசதி இருக்கிறது. "மானிட்டர் கேப்சர்" என்று தொடங்கி ஒரு பெயர் கொடுத்து, இன்டர்ஃபேஸையும் "போத்" என்று திசையையும் சொல்லி, மேட்ச் ஐபிவி4 எனி எனி கொடுத்து, பஃபர் சைஸ் ஒரு 10 எம்பி வைத்து, ஸ்டார்ட். கால் கட் ஆனதும் ஸ்டாப், பிறகு எக்ஸ்போர்ட். பிஸியான ரூட்டர் என்றால் எனி எனி வேண்டாம், ட்ரங்க் ஐபியை மட்டும் ஏசிஎல் (பாக்கெட்டை வடிகட்டும் பட்டியல்) எழுதிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தேடும் கால் வருவதற்குள் பஃபர் நிரம்பிவிடும்.

ஃபைலை வயர்ஷார்க்கில் (பாக்கெட்டைப் படித்துக் காட்டும் மென்பொருள்) திறந்து ஆர்டிசிபி என்று ஃபில்டர் போடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் உடனே "ஆர்டிசிபி இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். காலைத் தொடங்கும் சிப் மெசேஜான இன்வைட் கேப்சரில் இல்லாவிட்டாலோ, சிக்னலிங் டிஎல்எஸ் என்க்ரிப்ஷனில் போனாலோ, எது ஆர்டிபி எது ஆர்டிசிபி என்று வயர்ஷார்க்குக்குத் தெரியாது, வெறும் யூடிபி என்று காட்டும். அனலைஸ் மெனுவில் எனேபிள்ட் ப்ரோட்டோகால்ஸ் போய் ஆர்டிசிபிக்குக் கீழே இருக்கும் யூடிபி ஹியூரிஸ்டிக்கை டிக் செய்தால் அடையாளம் கண்டுகொள்ளும். இல்லையென்றால் போர்ட்டை வைத்துக் கண்டுபிடியுங்கள்: ஆர்டிபி இரட்டைப்படை போர்ட்டில் போனால் ஆர்டிசிபி அதற்கு அடுத்த ஒற்றைப்படை போர்ட். 16400-இல் குரல் என்றால் 16401-இல் ரிப்போர்ட்.

கேப்சரில் என்ன பார்க்க வேண்டும்? ஹோல்ட் அழுத்திய இடத்தில் ஒரு ரீ-இன்வைட் போயிருக்கும், எஸ்டிபியில் சென்ட்-ஒன்லி அல்லது இனாக்டிவ் என்று இருக்கும். அதோடு ஆர்டிபி நிற்கும். இங்கிருந்து கீழே ஸ்க்ரோல் செய்யுங்கள். அவர்கள் பக்கத்திலிருந்து சில செகண்டுக்கு ஒரு ஆர்டிசிபி பாக்கெட் வந்துகொண்டிருக்கிறது, நம் பக்கத்திலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை, முப்பதாவது செகண்டிலோ அறுபதாவது செகண்டிலோ அவர்களிடமிருந்து ஒரு பை (காலை முடிக்கும் சிப் மெசேஜ்) வருகிறது: இதுதான் நோய். அந்த பை மெசேஜில் ரீசன் ஹெடர் இருந்தால் அதையும் படியுங்கள், க்யூ.850 காஸ் 102 என்றால் டைமர் முடிந்து போனது என்று அர்த்தம். அதே பை நம் பக்கத்திலிருந்து போயிருந்தால் கதையே வேறு, நம்ம பெட்டிதான் வெட்டுகிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எஸ்டிபியில் இன்னொரு வரியும் கண்ணில் படலாம். பி சமம் ஆர்எஸ் 0, பி சமம் ஆர்ஆர் 0 என்று இரண்டும் இருந்தால், ஆர்டிசிபியே வேண்டாம் என்று அந்த முனை வெளிப்படையாகச் சொல்கிறது (ஆர்எஃப்சி 3556). அப்படி ஒரு முனையிடம் ஆர்டிசிபியை எதிர்பார்த்து டைமர் போடுவது வீண் வேலை.

சிஸ்கோ க்யூபில்

க்யூப் என்பது சிஸ்கோ ரூட்டரில் ஓடும் எஸ்பிசி. கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன், டைப் செய்யும்போது கேள்விக்குறியும் டேபும் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கான்ஃபிக் மோடில் நுழைந்து:

வாய்ஸ் சர்வீஸ் வாய்ப்
ஆர்டிசிபி கீப்அலைவ்
எக்ஸிட்
ஐபி ஆர்டிசிபி ரிப்போர்ட் இன்டர்வெல் 5000

அவ்வளவுதான். முதல் வரி வாய்ப் குளோபல் செட்டிங்கிற்குள் கொண்டுபோகும். இரண்டாவது வரிதான் மருந்து: எண்ட்பாயிண்ட் அனுப்பாவிட்டாலும் அதன் சார்பில் க்யூபே ஆர்டிசிபி ரிப்போர்ட்டைத் தயாரித்து அனுப்பும். கடைசி வரி குளோபல் கான்ஃபிக்கில், மில்லிசெகண்டில். 5000 என்பது டீஃபால்ட்டே, தனியாக எழுதத் தேவையில்லை, ஆனாலும் எழுதுவது நல்லது என்பேன், அடுத்து வருகிறவர் ஷோ ரன் போட்டுப் பார்த்தால் கண்ணில் பட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கால்களை வைத்து முடிவு செய்யாதீர்கள், புதிதாக ஒரு கால் போட்டுச் சோதியுங்கள்.

இந்த 5000-ஐக் குறைக்க வேண்டுமா? சிலர் "எதற்கும் இருக்கட்டும்" என்று 1000 வைப்பார்கள். தேவையில்லை. ஆர்எஃப்சி 3550 சொல்வதும் குறைந்தபட்சம் 5 செகண்ட் என்பதுதான், அதிலும் எல்லா முனையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் இருக்க இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. அதனால் கேப்சரில் ஒரு ரிப்போர்ட் இரண்டு செகண்டிலும் அடுத்தது ஆறு செகண்டிலும் வந்தால் பதறாதீர்கள். எதிர்முனை எத்தனை செகண்டில் வெட்டுகிறது என்று கேப்சரில் பார்த்தீர்கள் அல்லவா, அதற்குள் குறைந்தது மூன்று நான்கு ரிப்போர்ட்டாவது போக வேண்டும், ஒன்றிரண்டு வழியில் தொலைந்தாலும் கால் பிழைக்கும். 30 செகண்டில் வெட்டுகிறவருக்கு 5 செகண்ட் தாராளம்.

"இதனால் லோடு ஏறாதா" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 200 கால் ஒரே நேரத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு லெக் (உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று), 5 செகண்டுக்கு ஒன்று என்றால் செகண்டுக்கு 80 ஆர்டிசிபி பாக்கெட் வெளியே போகும். அதே கால்களுக்கு ஆர்டிபி செகண்டுக்கு 20,000. கணக்கு அவ்வளவுதான்.

இரண்டு இடத்தில் இது வேலை செய்யாது. ஒன்று, மீடியா ஃப்ளோ-அரவுண்ட் வைத்திருந்தால். குரல் ரூட்டர் வழியாகவே போகாதபோது அது யார் சார்பில் ரிப்போர்ட் எழுதும்? ஃப்ளோ-த்ரூ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், குளோபலில் மட்டுமல்ல, டயல்-பியரிலும். இரண்டாவது, பழைய பாணி ஹோல்ட். சில பழைய பிபிஎக்ஸ்கள் (ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்ச்) ஹோல்டுக்குச் சென்ட்-ஒன்லி போடாமல் எஸ்டிபியில் முகவரி சொல்லும் சி வரியில் 0.0.0.0 என்று அனுப்பும். அனுப்பவேண்டிய முகவரியே இல்லையென்றால் ரிப்போர்ட் எங்கே போகும்? அந்த பிபிஎக்ஸின் செட்டிங்கை மாற்றுவதுதான் சரியான வழி. முடியாவிட்டால் ஹோல்ட் மியூசிக்கை ஆன் செய்துவிடுங்கள், பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஆர்டிபியே போகும், கேட்பவருக்குக் கொடுமையாக இருந்தாலும் கால் நிற்கும்.

ஆடியோகோட்ஸில்

ஆடியோகோட்ஸ் கம்பெனியின் மீடியன்ட் எஸ்பிசி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். வெப் இன்டர்ஃபேஸில் செட்டப், சிக்னலிங் அண்ட் மீடியா, கோடர்ஸ் அண்ட் ப்ரொஃபைல்ஸ், ஐபி ப்ரொஃபைல்ஸ் என்று போய், எந்தப் பக்கத்துக்கு ரிப்போர்ட் போக வேண்டுமோ அந்த ப்ரொஃபைலைத் திறந்து, ஆர்டிசிபி மோட் என்பதைப் பாருங்கள். ட்ரான்ஸ்பேரன்ட் என்றால் வந்ததை அப்படியே கடத்தும், வராததைக் கடத்த முடியாது. ஆர்டிபி ஓடும்போது மட்டும் ஜெனரேட் செய் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அது ஹோல்டில் கைகொடுக்காது, அந்த நேரத்தில் ஆர்டிபியே ஓடாதே. நமக்கு வேண்டியது ஜெனரேட் ஆல்வேஸ். டீம்ஸ் டைரக்ட் ரூட்டிங்கிற்கு ஆடியோகோட்ஸ் கொடுக்கும் கான்ஃபிகரேஷன் குறிப்பும் டீம்ஸ் பக்க ப்ரொஃபைலில் இதையே வைக்கச் சொல்கிறது.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம்: ப்ரொஃபைலை ட்ரங்க் பக்கத்தில் மாற்றிவிட்டு "டீம்ஸ் கால் இன்னும் கட் ஆகுதே" என்பது. கட் செய்கிறவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ப்ரொஃபைல். க்யூபில் குளோபலாகப் போடுவதால் இந்தத் தலைவலி இல்லை.

இனிதான் முக்கியமான விஷயம்

இதோடு நிறுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஹோல்ட் பிரச்சினை தீர்ந்தது, டிக்கெட்டை மூடியாகிவிட்டது. ஆனால் நீங்கள் செய்தது என்ன என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். போன் பதில் சொல்லவில்லை, அதன் சார்பில் எஸ்பிசி "இருக்கிறேன்" என்று சொல்கிறது. காலேஜில் வராத நண்பனுக்கு ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ் கொடுக்கிற கதைதான் இது. நண்பன் கேண்டீனில் இருக்கும் வரை ஆபத்தில்லை, ஊரிலேயே இல்லையென்றால்?

அதாவது, உள்பக்கத்தில் ஒரு போனுக்கு பவர் போய்விட்டது, அல்லது லேப்டாப்பில் இருந்த சாஃப்ட்போன் வைஃபையை விட்டு வெளியே போய்விட்டது. பை அனுப்ப யாரும் இல்லை. முன்பு என்றால் ரிப்போர்ட் வராததைப் பார்த்து எதிர்முனை காலை வெட்டியிருக்கும். இப்போது எஸ்பிசி விடாமல் ரிப்போர்ட் அனுப்புகிறது, எதிர்முனையும் நம்புகிறது, செத்த கால் நிமிடக்கணக்கில், செஷன் டைமர் இல்லாத ட்ரங்கில் மணிக்கணக்கில், சேனலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மறுநாள் சிடிஆரில் (கால் விவரப் பதிவு) ராத்திரி முழுக்க ஓடிய ஒரு கால் இருக்கும், பில்லும் வரும். ஐஎஸ்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் ரிப்போர்ட் அனுப்புவதை ஆன் செய்கிற அன்றே, வரவேண்டிய ரிப்போர்ட் வராவிட்டால் வெட்டுவதையும் ஆன் செய்யுங்கள். க்யூபில் இப்படி:

கேட்வே
மீடியா-இனாக்டிவிட்டி-க்ரைட்டீரியா ஆல்
டைமர் ரிசீவ்-ஆர்டிசிபி 5
டைமர் ரிசீவ்-ஆர்டிபி 1200

இதில் ஆர்டிசிபி பக்கத்தில் இருக்கும் 5 என்பது செகண்ட் இல்லை. இதைப் படித்துவிட்டு "ஐந்து செகண்டில் வெட்டுமா" என்று பயந்து 300 போட்டவர்கள் உண்டு. அது பெருக்கல் எண். ரிப்போர்ட் இன்டர்வெல் 5000 மில்லிசெகண்ட் என்றால் 5 பெருக்கல் 5, 25 செகண்ட். 300 போட்டால் 1500 செகண்ட், அதாவது 25 நிமிடம், போட்டும் போடாதது மாதிரி. இன்டர்வெலை 9000 என்று மாற்றினால் இந்த நேரமும் 45 செகண்ட் ஆகிவிடும், இரண்டு வரியும் கான்ஃபிக்கில் தள்ளித் தள்ளி இருப்பதால் இந்தத் தொடர்பு யாருக்கும் நினைவில் இருக்காது. ஆர்டிபி பக்கத்தில் இருக்கும் 1200 மட்டும் நேரடியாக செகண்ட்.

க்ரைட்டீரியாவில் ஆர்டிபி, ஆர்டிசிபி, ஆல் என்று மூன்று உண்டு. ஆல் என்றால் இரண்டும் வராதபோதுதான் செத்ததாகக் கொள்ளும். நான் எப்போதும் ஆல்தான் சொல்வேன். ஆர்டிசிபி என்று மட்டும் வைத்தால், ரிப்போர்ட்டே அனுப்பாத போன்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் காலும் சிக்கலாம். ஆர்டிபி என்று மட்டும் வைத்தால் ஹோல்டில் இருக்கும் நல்ல காலும் போகும், எங்கிருந்து கிளம்பினோமோ அங்கேயே வந்து நிற்போம்.

ஆனால் ஆல் வைத்தாலும் ஒரு கேள்வி பாக்கி. உள்பக்க போன்கள் ஹோல்டில் ஆர்டிசிபி அனுப்புகின்றனவா? அனுப்பாவிட்டால், நாம் இப்போது போட்ட டைமரே ஹோல்டில் இருக்கும் காலை வெட்டும். மேலே சொன்னேனே, நம் பக்கத்திலிருந்தே பை போகிற கதை, அது இதுதான். சிஸ்கோ கால் மேனேஜரில் 7800, 8800 வரிசை போன் கான்ஃபிக் பக்கத்தின் அடிப்பகுதியில், போனுக்கே உரிய செட்டிங்குகளில் ஆர்டிசிபி என்று ஒரு வரி இருக்கும், அதை எனேபிள் செய்து போனை ரீசெட் செய்யுங்கள். எல்லாப் போனிலும் ஒரே நேரத்தில் வேண்டாம். ஒரு டிபார்ட்மெண்டில் மாற்றி, உள்பக்க இன்டர்ஃபேஸில் கேப்சர் எடுத்து, ஹோல்டில் ரிப்போர்ட் வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். போன்களை மாற்றவே முடியாத இடம் என்றால் வெட்டும் டைமரைப் பெரிதாக வையுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் ஹோல்டில் நிற்பதில்லை என்று தெரிந்தால் அதற்கு ஏற்றபடி பெருக்கல் எண்ணைப் போடுங்கள். செஷன் டைமரும் கட்டாயம் ஆனில் இருக்கட்டும், கடைசித் தடுப்பு அதுதான்.

ஃபேக்ஸ் லைன் இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்கவும். யூடிபிடிஎல்லில் போகும் டி.38 (ஐபி வழியாக ஃபேக்ஸ் அனுப்பும் முறை) ஆர்டிபியே இல்லை, அதற்கு ஆர்டிசிபியும் கிடையாது.

அஸ்டரிஸ்க் (ஓப்பன் சோர்ஸ் பிபிஎக்ஸ் மென்பொருள்) உள்பக்கம் இருக்கிறது என்றால் பிஜேசிப் எண்ட்பாயிண்டில் ஆர்டிபி டைம்அவுட், ஆர்டிபி டைம்அவுட் ஹோல்ட் என்று இரண்டு தனித்தனி எண்கள் உண்டு, செகண்டில். முதலாவது சாதாரணமாக ஓடும் காலுக்கு, இரண்டாவது ஹோல்டில் இருக்கும் காலுக்கு. இவை ஆர்டிபி வருகிறதா என்றுதான் பார்க்கின்றன, நீங்கள் அனுப்பும் ஆர்டிசிபியை நம்பி ஹோல்ட் எண்ணை 30 என்று வைத்துவிடாதீர்கள். இதைப் பிரித்து வைத்திருக்கிறார்களே, அது மிக நல்ல யோசனை, மற்ற பெட்டிகளும் இப்படிச் செய்திருக்கலாம்.

நேட் (ஐபி முகவரியை மாற்றிக் கடத்துவது), ஃபயர்வால் பற்றி ஒரு எச்சரிக்கை

ஆர்டிசிபி கீப்அலைவ் போட்டால் ஃபயர்வாலில் குரல் வழி திறந்தே இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. இருக்காது. ஆர்டிசிபி போவது வேறு போர்ட்டில், அது திறந்து வைப்பது தன் வழியை மட்டும். சிஸ்கோ ஏஎஸ்ஏவில் யூடிபி கனெக்‌ஷன் டீஃபால்ட்டாக 2 நிமிடம் சும்மா இருந்தால் மூடப்படும். லினக்ஸ் ஃபயர்வாலில் ஒரு பக்கமாக மட்டும் போன யூடிபிக்கு 30 செகண்ட்தான். ஐந்து நிமிடம் ஹோல்டில் இருந்த கால் கட் ஆகாமல் திரும்பி வருகிறது, ஆனால் ஒரு பக்கம் சத்தமே இல்லை என்று புகார் வந்தால் இதுதான் காரணம்: ரிப்போர்ட் காலைக் காப்பாற்றிவிட்டது, குரலின் வழி அடைத்துவிட்டது.

இதற்கு ஆர்எஃப்சி 6263 சொல்லும் தீர்வு, இரண்டையும் ஒரே போர்ட்டில் அனுப்பும் ஆர்டிசிபி மக்ஸ். இரண்டு முனையும் எஸ்டிபியில் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும், பழைய பெட்டிகள் ஒப்புக்கொள்ளாது. அங்கெல்லாம் ஃபயர்வாலில் மீடியா போர்ட்டுகளுக்கு மட்டும் யூடிபி டைம்அவுட்டைக் கூட்டிவிடுங்கள், அல்லது அஸ்டரிஸ்கில் இருக்கும் ஆர்டிபி கீப்அலைவ் மாதிரி குரல் போர்ட்டிலேயே ஏதாவது அனுப்பும் வசதியைப் பாருங்கள். ஃபயர்வால் பார்ப்பவரிடம் போர்ட் ரேஞ்ச் கொடுக்கும்போது இரட்டைப்படை, ஒற்றைப்படை இரண்டும் சேர்த்து முழு ரேஞ்சாகக் கொடுங்கள். குரல் போனால் போதும் என்று ஆர்டிசிபியை அடைத்து வைத்த ஃபயர்வாலுக்குப் பின்னால் இந்தக் கட்டுரையில் இருக்கும் எதுவும் பலிக்காது.

போட்ட பிறகு சரிபார்ப்பது

முன்பு எடுத்த மாதிரியே கேப்சர், அதே ஹோல்ட் டெஸ்ட். இப்போது ஹோல்டுக்குப் பிறகும் இரண்டு திசையிலும் ரிப்போர்ட் தெரிய வேண்டும். பாக்கெட் டைப் 200 என்றால் சென்டர் ரிப்போர்ட், 201 என்றால் ரிசீவர் ரிப்போர்ட், கூடவே 202 ஒட்டிக்கொண்டு வரும். டீம்ஸ் பக்கம் எஸ்ஆர்டிபி (என்க்ரிப்ட் செய்த ஆர்டிபி) என்பதால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது, ஆனால் ஆர்டிசிபியின் முதல் 8 பைட் என்க்ரிப்ட் ஆவதில்லை, டைப்பும், அனுப்புகிறவரின் அடையாள எண்ணான எஸ்எஸ்ஆர்சியும் தெரியும். போய்க்கொண்டிருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

பிறகு எதிர் டெஸ்ட், இதை யாரும் செய்வதில்லை. உள்பக்கப் போனில் கால் போட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். ஸ்டாப்வாட்ச்சை ஓட விடுங்கள். ரூட்டரில் ஷோ கால் ஆக்டிவ் வாய்ஸ் காம்பாக்ட், ஷோ வாய்ப் ஆர்டிபி கனெக்‌ஷன்ஸ் இரண்டையும் போட்டுப் பாருங்கள். நீங்கள் வைத்த நேரத்தில் கால் அங்கிருந்து மறைய வேண்டும், எதிர்முனைக்கும் பை போயிருக்க வேண்டும். மறையவில்லை என்றால் ப்ராக்ஸி மட்டும் வேலை செய்கிறது, வெட்டும் டைமர் வேலை செய்யவில்லை, அந்த நிலையில் கான்ஃபிக்கை சேவ் செய்யாதீர்கள்.

குவாலிட்டி மானிட்டரிங் டூல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். ரிசீவர் ரிப்போர்ட்டில் இருக்கும் லாஸ் 256-இன் பங்காக வரும், 26 என்றால் ஏறக்குறைய 10 சதவீதம். ஜிட்டர் டைம்ஸ்டாம்ப் யூனிட்டில், ஜி.711-க்கு 80 என்றால் 10 மில்லிசெகண்ட். இதுவரை போன் முதல் போன் வரை அளந்துகொண்டிருந்த எண்கள், எஸ்பிசி தானே ரிப்போர்ட் எழுத ஆரம்பித்ததும் எஸ்பிசி வரைக்கும் உள்ள எண்களாக மாறலாம். டாஷ்போர்டில் திடீரென்று எல்லாம் பச்சையானால் மேனேஜரிடம் நெட்வொர்க்கைச் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள், உள்பக்க லெக்குக்குத் தனியாக ஒரு கிராஃப் போடுங்கள். வைஃபையில் தடுமாறும் போன்கள் அதில்தான் தெரியும்.